கேற்காரரின் தங்கை

கதிர்காமநாதன் தன்னை எஞ்சினியர் என்று ஒருநாளும் யாரிடமும் சொன்னதில்லை. எல்லாம் நடந்து முடிந்த பிறகு இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவர் தன்னைத் தேற்றப் பார்த்தார். சொன்னதில்லைதான். ஆனால் மற்றவர்கள் சொன்னபோது மறுத்ததும் இல்லை.

தொடக்கம் ஒரு ரெலிபோன் பேச்சு. மகள் வதனிக்கு மெல்பேர்னில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. கதிர்காமநாதனும் மனைவி யோகாவும் அப்போது இத்தாலியில், சிசிலித் தீவில் இருந்தார்கள். மாப்பிள்ளை சதீசனின் தகப்பன் இரத்தினசிங்கம் கிளிநொச்சியில் நீர்ப்பாசன எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்று ஒஸ்ரேலியாவுக்கு வந்தவர். குரலும் பெரிது, சிரிப்பும் பெரிது.

"நீங்கள் அங்கை என்ன செய்யிறியள்?" என்று கேட்டார்.

"ரெயில்வேயில இருந்தனான்."

"ரெயில்வேயிலயோ! ஸ்டேசன் பக்கமோ, லைன் பக்கமோ?"

"லைன் பக்கம்."

"அப்ப எங்கட ஆள்! நானும் எஞ்சினியர், நீங்களும் எஞ்சினியர். இனி என்ன கதை? நல்ல நாளைப் பாருங்கோ."

பக்கத்தில் நின்ற யோகா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "பிள்ளையின்ர காரியமப்பா" என்று மெல்லச் சொன்னார். அவ்வளவுதான். அந்த நேரத்தில் அது ஒரு சின்ன விஷயமாகத்தான் இருந்தது.

உண்மையில் அவர் ரெயில்வேயில் பார்த்தது பெட்டி கழுவும் வேலை. பலெர்மோ நகரத்தில் வீட்டு வேலைகள் பார்த்துத் திரிந்த தொடக்க காலத்தில், ஒப்பந்த வேலை எடுத்த ஒரு கொந்தராத்துக்காரர் அவரை ரெயில் பெட்டிகளைக் கழுவும் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். சீற்றுகளுக்குக் கீழே கூட்டுவது, கண்ணாடி துடைப்பது, கக்கூஸ் கழுவுவது. அங்கேதான் ஒரு கதவு இடது கை மோதிர விரலின் நுனியை எடுத்தது. கொந்தராத்து முடிந்து ஆட்களை நிறுத்தியபோது, பழகிய ரெயில் சாரதி ஒருவர், மலைப்பக்கத்தில் தனித்திருக்கும் ஒரு கிழவருக்குத் துணைக்கு ஆள் தேவை என்று சொன்னார். கதிர்காமநாதன் பெண்சாதியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். பத்து வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டார்.

கிழவரின் பெயர் சால்வத்தோரே. ஊர் அவரைத் தூரி என்று கூப்பிட்டது. கதிர்காமநாதன் அவருடைய வாயில் நத்தான் ஆனார். பலெர்மோவிலிருந்து கடலோரமாகக் கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு மலைக்குள் திரும்பும் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று உண்டு. அந்தப் பாதை ஒரு தெருவைக் குறுக்கறுக்கும் இடத்தில் தூரி கேற் காவலாக இருந்தவர். அவருடைய தகப்பனும் அதே கேற்றில் நின்றவர்தான். ஸ்டேசனிலிருந்து மணி அடிக்கும். கைபிடியைச் சுற்றிக் கேற்றை இறக்கவேண்டும். ரெயில் போகுமட்டும் கொடியோடு வாசலில் நிற்கவேண்டும். குடும்பம் முழுக்கத் தண்டவாளத்தை ஒட்டிய அந்தச் சிவப்பு வீட்டில்தான் குடியிருந்தது. பிறகு தானாக இறங்கி ஏறும் கேற்றுகள் வந்தன. காவல்காரர் தேவையில்லை என்றார்கள். தூரி அந்த வீட்டையே விலைக்கு வாங்கிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை, மனைவி செத்துப்போனாள். நீரிழிவு நோயில் ஒரு கால் போயிற்று, பிறகு மற்றக் காலும் போயிற்று.

கதிர்காமநாதன் அவரைத் தூக்கினார், குளிப்பாட்டினார், துணி மாற்றினார், ஊட்டினார். யோகா சமைத்தாள். மேல் அறை அவர்களுடையது. வதனி காலையில் ரெயிலில் பள்ளிக்கூடம் போவாள். சாரதிகள் அந்த வீட்டைக் கடக்கும்போது ஒரு சின்னக் கூவல் கொடுப்பார்கள். தூரி சில்லுக் கதிரையில் வாசலுக்கு வந்து கை காட்டுவார். வதனி அவரை நொன்னோ என்றுதான் கூப்பிட்டாள். அந்த மொழியில் தாத்தா என்று அர்த்தம். அவளுக்கு இத்தாலி மொழியை எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழக்கியவர் அவர்தான்.

குளிப்பாட்டும் நேரத்தில் தூரி அந்தப் பாதையின் கதையைச் சொல்வார். நிலக்கரி எஞ்சின்கள் மலையிலிருந்து கந்தகத்தை இழுத்துக்கொண்டு துறைமுகத்துக்கு இறங்கிய காலம், யுத்தத்தில் பாலம் விழுந்தது, டீசல் பெட்டி முதன்முதலாக வந்தபோது பாதிரியார் அதற்குத் தீர்த்தம் தெளித்தது. எல்லாக் கதையிலும் ஓர் இடத்தில் தங்கை நுன்சியா வருவாள். கேற்றின் கைபிடியில் ஊஞ்சலாடி அடி வாங்கியவள். கலியாணம் முடித்து அறுபத்தொன்றாம் ஆண்டு கப்பலேறி மெல்பேர்னுக்குப் போனவள். ஒவ்வொரு நத்தாருக்கும், கிறிஸ்மஸ் வாழ்த்தோடு, தூரி அவளுக்கு ஒரு படம் அனுப்புவார். படத்தில் சில்லுக் கதிரையில் அவர், பின்னால், விரல் நுனி இல்லாத கை தெரியக் கதிரையின் பிடியைப் பிடித்தபடி கதிர்காமநாதன், பக்கத்தில் யோகாவும் வதனியும்.

வதனி கலியாணம் முடித்துப் போன பிறகு, தூரிக்குக் கடைசி நேரம் வந்தது. அவர் கதிர்காமநாதனின் கையைப் பிடித்துச் சொன்னார்: "நீயும் மகளிட்டப் போவாய். போனால் நுன்சியாவைப் பார். நான் எப்பிடி இருந்தனான் எண்டு சொல்ல உன்னை விட்டால் ஆளில்லை."

"போன முதல் கிழமையே போறன்" என்றார் கதிர்காமநாதன்.

இரண்டாயிரத்து ஒன்பதில் அவரும் யோகாவும் மெல்பேர்னுக்கு வந்தார்கள். விமான நிலையத்தில் இரத்தினசிங்கம் அவரைக் கட்டிப்பிடித்தார். கூட வந்தவர்களிடம், "என்ர சம்பந்தி, இத்தாலி ரெயில்வேயில எஞ்சினியர்" என்று அறிமுகப்படுத்தினார். கதிர்காமநாதன் எல்லோருடைய கையையும் குலுக்கினார்.

முதல் கிழமை போயிற்று. முதல் வருடமும் போயிற்று. நுன்சியாவிடம் போவதென்றால் யாராவது காரில் ஏற்றிக்கொண்டு போகவேண்டும். ஆர் அவ, எப்படிப் பழக்கம் என்று கேட்பார்கள். தமையனைக் கழுவித் துடைத்தவன் என்று நுன்சியா வாய்விட்டுச் சொல்லிவிடுவா. யோகா இடைக்கிடை, "அந்த மனுசியைப் போய்ப் பாக்கேல்லையே?" என்று கேட்பாள். "பாப்பம், குளிர் போகட்டும்" என்பார். குளிர் போகும், வெயில் வரும். வெயிலைக் காரணம் காட்டுவார். பிறகு யோகா கேட்பதை விட்டுவிட்டாள்.

இதற்கிடையில் மெல்பேர்னின் மேற்குப் பக்கத்தில், டார்னெய்ட்டின் வெறும் புல்வெளிகளில் புதிய ரெயில் பாதைக்கான வேலை தொடங்கியது. மண் மேடுகள் எழும்பின, செம்மஞ்சள் அங்கி போட்ட ஆட்கள் திரிந்தார்கள். தமிழ் மூத்தோர் சங்கத்தில் அதுதான் பேச்சு. இரத்தினசிங்கம் சங்கத்தின் செயலாளர். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் ஒரு சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அவர் ஓர் ஏற்பாடு செய்தார்: "பழைய ரெயில் பாதையைப் புதுசாக்கிறது எப்பிடி? எங்கட சம்பந்தி இத்தாலி அனுபவத்தைச் சொல்லுவார்."

கதிர்காமநாதன் முதலில் மறுத்தார். அடக்கத்தில் மறுக்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் கண்ணாடி முன் நின்று ஒரு கிழமை பேசிப் பழகினார். அதில் ஒரு சந்தோசமும் வந்துவிட்டது. அதுதான் பிறகு அவரை அதிகம் சுட்டது.

மண்டபத்தில் நல்ல கூட்டம். பின்பக்கத்துக் குசினியில் யோகாவும் மற்றப் பெண்களும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கதிர்காமநாதன் எழும்பி, கந்தகம் ஏற்றிய ரெயில்களில் தொடங்கினார். விழுந்த பாலத்தைச் சொன்னார், தீர்த்தம் தெளித்த பாதிரியாரைச் சொன்னார். சனம் சிரித்தது. தூரியின் கதைகள் எல்லாம் அவருடைய கதைகளாக வந்துகொண்டிருந்தன. தூரியின் பெயர் மட்டும் வரவில்லை. ஒரு கட்டத்தில், "நாங்கள் கேற்றுகளை ஒட்டோமற்றிக் ஆக்கின நேரம், காவல்காரர் கொஞ்சப்பேர் எதிர்ப்புக் காட்டினவைதான். ஆனால் முன்னேற்றமெண்டால் அது தவிர்க்கேலாது" என்றார். சொன்ன வார்த்தை அவருக்கே காதில் விழுந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மேலே பேசினார்.

கைதட்டலும் கேள்விகளும் முடிகிற நேரத்தில் மண்டபக் கதவு திறந்தது. கறுப்புக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு கிழவி பொல்லை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தா. பக்கத்தில் அவவைத் தாங்கிப் பிடித்தபடி ஓர் இளம் பெண். யாரும் சொல்லாமலே கதிர்காமநாதனுக்குத் தெரிந்துவிட்டது. மூக்கும் நெற்றியும் தூரியேதான்.

அவர்கள் அவரைக் கண்டுபிடித்த விதம் இதுதான். பலெர்மோவில் இருந்த உறவினர் ஒருவர், தூரியைப் பராமரித்த தமிழர் மெல்பேர்னுக்குப் போய்விட்டார் என்று நுன்சியாவுக்குச் சொல்லியிருந்தார். அவர் வருவார் என்று அவ மூன்று வருடம் காத்திருந்தா. பிறகு மருந்துக்கடையில் வேலை செய்த ஒரு தமிழ்ப் பிள்ளையிடம் விசாரித்தா. "நாதனெண்டு கனபேர் இருக்கினம். இத்தாலியில இருந்தவரெண்டால், அம்மா போற சங்கத்தில ஒரு ரெயில்வே எஞ்சினியர் அங்கிள் பேசப்போறாராம்" என்று அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறாள். எஞ்சினியர் என்ற பேரைக் கேட்டுத்தான் நுன்சியா வந்திருந்தா.

அவ நேரே முன்னால் வந்தா. கதிர்காமநாதனின் முகத்தைப் பார்த்தா, பிறகு இடது கையை எடுத்து விரலைப் பார்த்தா. இரண்டு கையாலும் அவருடைய கன்னங்களைப் பிடித்துக்கொண்டு, சிசிலிப் பேச்சில், "நத்தான்! என்ர அண்ணனைக் குளிப்பாட்டின பிள்ளை! என்ர தூரியைத் தூக்கிச் சுமந்த பிள்ளை!" என்று அழத் தொடங்கினா.

முன்வரிசையிலிருந்து இரத்தினசிங்கம், "என்ன சம்பந்தி, ஆர் இது? என்ன சொல்லுறா?" என்று கேட்டார்.

கதிர்காமநாதன் அவவின் கைகளை எடுத்து மெதுவாகக் கீழே விட்டார். தூரியோடு ஒருநாளும் பேசியிராத, அலுவலகங்களில் பேசுகிற சுத்தமான இத்தாலியில் சொன்னார்: "மன்னிக்கவேண்டும் அம்மா. நீங்கள் ஆளை மாறி நினைத்துவிட்டீர்கள். நான் அவரில்லை." பிறகு தமிழில் சனத்துக்கு, "ஆரையோ தேடி வந்திருக்கிறா. நானெண்டு நினைச்சிட்டா" என்றார்.

நுன்சியா அவரைப் பார்த்தா. பிறகு கதிரைகளில் இருந்த சனத்தைப் பார்த்தா, மேசையில் இருந்த பூச்செண்டைப் பார்த்தா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் பேசிய அதே சுத்தமான இத்தாலியில், எல்லோருக்கும் கேட்கச் சொன்னா: "சரி ஐயா. நான் பிழையாக வந்துவிட்டேன். அந்த நத்தானை எங்கேயாவது கண்டால் சொல்லுங்கள். நுன்சியாவின் வீடு சென்ற் ஓல்பன்ஸ் ரெயில் கேற்றுக்குப் பக்கத்தில். வாசலில் அத்திமரம் நிற்கும்."

சொல்லிவிட்டுத் திரும்பினா. கூட வந்த பேத்தி டானியெலாவுக்கு மொழி முழுக்க விளங்காவிட்டாலும் நடந்தது விளங்கியிருந்தது. அவள் கதிர்காமநாதனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிழவியைக் கூட்டிக்கொண்டு போனாள்.

கதவு சாத்தியதும் இரத்தினசிங்கம் எழும்பி நின்று, "சம்பந்தி இத்தாலியில விட்டிட்டு வந்த சரக்கொண்டு தேடிக்கொண்டு வந்திருக்குப்போல!" என்றார். மண்டபம் வெடித்துச் சிரித்தது. கதிர்காமநாதனும் சிரித்தார்.

குசினி வாசலில் யோகா தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். தட்டைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு வெளியே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் தனியே திரும்பி வந்தாள்.

வீடு வந்ததும் அவள் கதிரையில் இருந்து சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "ஓடிப் போனனான். கார் வெளிக்கிட்டிட்டுது. கையைக் காட்டினனான், நிப்பாட்டேல்லை" என்றாள்.

"யோகா, அவ்வளவு சனத்துக்கு முன்னால..."

"அந்தச் சனம் எங்களுக்கு என்ன செய்தது? அந்த மனுசன் தன்ர வீட்டு மேல் அறையைத் தந்தது. உங்கட பிள்ளை அந்த மனுசன்ர மடியில வளந்தது. நீங்கள் அந்த மனுசனைக் கழுவினது எனக்கு ஒருநாளும் குறைவாத் தெரியேல்லை. இண்டைக்குத்தான் உங்களைப் பாக்க எனக்குக் கூசுது."

வதனி வேலையால் வந்து விஷயத்தைக் கேட்டாள். தகப்பனுக்கு முன்னால் வந்து நின்றாள். "அப்பா, ஆருக்குப் பயந்தனீங்கள்? எனக்காகவோ?"

"உன்ர மாமா மாமிக்குத் தெரிஞ்சால்..."

"சதீசனுக்கு எல்லாம் தெரியும். கலியாணம் முடிஞ்ச உடனேயே சொல்லிப்போட்டன். அவருக்கு அது ஒரு விஷயமேயில்லை."

"பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

வதனி பக்கத்துக் கதிரையில் இருந்தாள். "மாமா எஞ்சினியரெண்டு கூப்பிடேக்கை உங்கட முகம் மாறுறதை நான் பாத்தனான். அதைக் கெடுக்க விருப்பமில்லை. நொன்னோவின்ர தங்கச்சியை இப்பிடி அனுப்புவியளெண்டு தெரிஞ்சிருந்தால் அண்டைக்கே சொல்லியிருப்பன்."

மகளுக்காகத்தான் மறைத்தேன் என்று இத்தனை காலமும் அவர் பிடித்திருந்த பிடி அத்தோடு கழன்றது. மகள் அவருக்காக மறைத்திருக்கிறாள்.

அந்தக் கிழமை முழுக்க அவர் வீட்டை விட்டு இறங்கவில்லை. கன்னத்தில் நுன்சியாவின் உள்ளங்கை பட்ட இடம் சவரம் செய்யும்போதெல்லாம் நினைவுக்கு வந்தது. அதைவிட அந்த விலாசம். ஏசியிருக்கலாம். விரலைத் தூக்கிப் பிடித்து, இதோ அடையாளம் என்று சனத்துக்குக் காட்டியிருக்கலாம். அவ அவருடைய மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தா.

ஒருநாள் வெளிக்கிட்டு, ஃபுட்ஸ்கிறேயில் ரெயில் மாறும் இடம் வரை போய்த் திரும்பி வந்தார். இரண்டாம் முறை போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. சென்ற் ஓல்பன்ஸ் ஸ்டேசனுக்கு வெளியே கேற் மணி அடித்து, கார்கள் வரிசையாக நின்றன. அத்திமரத்தைத் தேடவேண்டியிருக்கவில்லை. கதவைத் தட்டிவிட்டுத் தொப்பியைக் கையில் எடுத்தார்.

நுன்சியா கதவைத் திறந்தா. கட்டிப்பிடிக்கவில்லை. "வா" என்று மட்டும் சொல்லி முன்னால் நடந்தா. குசினி மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைக் காட்டினா. சுவரில் தூரியின் நத்தார்ப் படங்கள் வரிசையாக இருந்தன. எல்லாப் படத்திலும் பின்னால் அவர் நின்றார், சிரித்தபடி.

"அண்டைக்கு நிறையச் சனம் இருந்தது..." என்று தொடங்கினார்.

"சனத்தை நானும் பார்த்தேன்" என்றா நுன்சியா.

பிறகு அவவே சொன்னா: "ஒன்றுமில்லை என்று நான் சொல்லமாட்டேன். வீடு வரும்வரை காரில் அழுதுகொண்டு வந்தேன். நீ வந்தால் கதவைத் திறக்காதே என்று டானியெலா சொல்லியிருக்கிறாள். எனக்கு என் அண்ணனைப் பற்றிக் கேட்கவேண்டும். அதற்காகத்தான் திறந்தேன். சொல்லு."

அவர் சொன்னார். முதல் கால் போன நாளில் தூரி என்ன சொன்னார், எதைச் சாப்பிட மறுத்தார், யோகா வைத்த பருப்பை எப்படிப் பழகினார், தானியங்கிக் கேற் ஒருமுறை பழுதாகி நின்றபோது சில்லுக் கதிரையில் தெருவுக்கு இறங்கிக் கையைக் காட்டி வாகனங்களை மறித்தது, கடைசிக் காலையில் ரெயில் கூவியதைக் கேட்டுத் தலையை அசைத்தது. நுன்சியா குறுக்கே பேசவில்லை. இடையில் கேற் மணி கேட்கும்போது மட்டும் ரெயில் போகுமட்டும் கையை உயர்த்தி அவரை நிறுத்தச் சொன்னா. அந்தச் சத்தத்துக்காகத்தான் புருசனை நச்சரித்து இந்த வீட்டை வாங்கினாவாம்.

வெளிக்கிடும்போது, "இன்னும் எத்தனையோ வருடம் மிச்சமிருக்கிறது. வியாழக்கிழமை வா" என்றா.

வியாழக்கிழமைகளில் போகத் தொடங்கினார். சில நாள் யோகாவும் வந்தாள். அவளை மட்டும் நுன்சியா வாசலிலேயே கட்டிக்கொள்வா. டானியெலா வீட்டில் இருந்தால் அவரைக் கண்டதும் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

இரத்தினசிங்கத்திடம் சொல்லவேண்டும் என்பது ஒவ்வொரு நாளும் நெஞ்சில் கிடந்து அழுத்தியது. கடைசியில் அவருடைய வீட்டுக் கராஜில், அவர் தக்காளிக் கன்றுகளுக்குத் தடி சீவிக்கொண்டிருந்தபோது, நின்ற நிலையிலேயே சொல்லி முடித்தார். பெட்டி கழுவியது, கக்கூஸ் கழுவியது, தூரி, நுன்சியா, எல்லாம்.

இரத்தினசிங்கம் கத்தியை மடக்கினார். சீவிய தடிகளை ஒன்றுசேர்த்துச் சுவரில் சாய்த்தார்.

"நீர் என்ன வேலை செய்தீர் எண்டது எனக்குக் காரியமில்லை. நான்தான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சனான். அதுக்கு நான் வெக்கப்பட்டுக்கொள்ளுறன். ஆனா அந்த மனுசி போகேக்கை நான் ஒரு பகிடி விட்டனான், உமக்கு ஞாபகமிருக்கோ?"

"ஓம்."

"நீரும் சிரிச்சனீர். உமக்குத் தெரியும் அவ ஆரெண்டு. எனக்குத் தெரியாது. தெரியாமல் என்னை அதைச் சொல்ல விட்டிட்டு நிண்டனீர்." கத்தியை மேசையில் போட்டார். "இப்ப போம். பிறகு கதைப்பம்."

இரண்டு மாதம் அவர் கதைக்கவில்லை. வதனியின் மகளுடைய பிறந்தநாளில் தூரத்தில் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். சங்கத்தில் யாருக்கும் அவர் எதுவும் சொல்லவில்லை என்று சதீசன் மூலம் தெரிந்தது. கதிர்காமநாதன் சங்கத்துப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில், ஒரு வியாழக்கிழமை காலையில் இரத்தினசிங்கம் வாசலில் வந்து நின்றார், நல்ல சேட்டுப் போட்டு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. "நீர் போற இடத்துக்கு நானும் வாறன்" என்றார்.

நுன்சியாவின் குசினியில் அவர் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே, "சொல்லும் அவவுக்கு. அண்டைக்கு நான் ஒரு பகிடி விட்டுச் சிரிச்சனான். அது பிழை. மன்னிக்கச் சொல்லும்" என்றார்.

கதிர்காமநாதன் மொழிபெயர்த்தார். நுன்சியா, "என்ன பகிடி?" என்று கேட்டா.

"அதை விடுங்கோவன்" என்றார் கதிர்காமநாதன்.

"இல்லை, சொல்லு."

அவர் சொன்னார். இத்தாலியில் சொல்லும்போது அது இன்னும் கேவலமாக இருந்தது. முகத்தைத் தரையில் வைத்துக்கொண்டு சொல்லி முடித்தார். நுன்சியா இரத்தினசிங்கத்தை மேலும் கீழும் பார்த்தா. எண்பது வயதை எட்டிப்பிடிக்கிற தன்னைக் குனிந்து பார்த்தா. பிறகு பொல்லால் தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தா, இருமல் வருமட்டும். ஒன்றும் விளங்காமல் இரத்தினசிங்கமும் சிரித்தார். வாழைப்பழச் சீப்பை அவவின் கையில் கொடுத்துவிட்டு, அப்போதுதான் கதிரையில் இருந்தார்.

கதிர்காமநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவவின் பேரும் தெரியாத மனிதன், வாசலால் வந்த கையோடு, ஒரு நியாயமும் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டுவிட்டான். நான் இத்தனை வியாழக்கிழமை இந்தக் கதிரையில் இருந்து கோப்பி குடித்துத் தூரியின் கதை சொல்லியிருக்கிறேன். 'அண்டைக்கு நிறையச் சனம்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த வியாழன் அவர் தனியே போனார். நுன்சியா மேசையில் அவரைக்காய்களைக் கொட்டிப் பருப்பு உரித்துக்கொண்டிருந்தா. அவர் நின்றபடி, தூரியோடு பேசிய அதே சிசிலிப் பேச்சில், "நீங்கள் ஆரெண்டு எனக்குத் தெரியும். வாசலில் கண்ட உடனேயே தெரியும். தெரிந்துகொண்டுதான் இல்லை என்றேன். வெளியில் போக விட்டுவிட்டுச் சிரித்தேன். என்னை மன்னியுங்கள்" என்றார்.

நுன்சியா பருப்பை உரித்தபடியே, "ம்" என்றா. ஒரு பிடியை உரித்து முடித்த பிறகு நிமிர்ந்தா. "நான் கேட்டுவிட்டேன். டானியெலாவுக்கும் சொல்லவேண்டும். அவள்தான் என்னை ஏற்றிக்கொண்டு வந்தவள், ஏற்றிக்கொண்டு போனவளும் அவள்தான். அவளுக்கு ஆங்கிலத்தில் சொல்லு."

"எப்ப வருவா?"

"வேலை முடிந்து வருவாள்."

கதிர்காமநாதனின் ஆங்கிலம் அவ்வளவு நல்லதில்லை. சொல்லவேண்டியதை மனதுக்குள் அடுக்கிப் பார்த்தார், பாதிச் சொற்கள் வரவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, நுன்சியாவுக்கு எதிரே இருந்து, மிச்சப் பருப்பை உரிக்கத் தொடங்கினார். வெளியே கார்ச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கை நின்றது.